ஞாயிறுக்குப் போன இருபத்தாறு பேர்

1904 பிப்ரவரி 9, செவ்வாய், காலை பத்து மணி, சுரங்கத்து ஆஸ்பத்திரி. வந்திருந்தோர்: ஹெட் கிளார்க் சௌந்தரராஜன், மேசைக்குப் பின்னால் கைவைத்த நாற்காலியில், மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் ஏனோக், அலமாரியை ஒட்டி முக்காலியில், மேஸ்திரி தங்கவேலு, ஜன்னலோரப் பெஞ்சில், கடிதம் எழுத நான், அதே பெஞ்சின் மறுமுனையில். சுரங்கத் தொழிலாளி காத்தவராயனை உட்காரச் சொல்லவில்லை.

மேனேஜர் துரையின் உத்தரவைப் படித்தேன். வியாதி வாரத்தின் ஏழு நாளும் சமமாக வருவதே இயற்கை. திங்களில் அதிகமானால் அது வியாதியல்ல, ஞாயிறு குடித்த சாராயம். அப்படித் தெரிந்தால், நேற்று நோய்ச்சீட்டு வாங்கிய காத்தவராயனை முதலில் வேலையைவிட்டு நீக்க வேண்டியது.

பதின்மூன்று வாரப் பதிவேட்டைக் கூட்டினேன். மொத்தம் 182 பேர். சமமென்றால் நாளுக்கு 26. செவ்வாய் முதல் சனி வரை ஒன்றிரண்டு கூடக்குறைய அப்படியே இருந்தது. திங்கள் 52.

"பாத்தியா, ரெண்டு பங்கு!" என்றார் சௌந்தரராஜன்.

"சாமி, நான் குடிக்கவே இல்லீங்க" என்றான் காத்தவராயன். "ஞாயித்துக்கெழமயே காய்ச்சல் கண்டுச்சு. இங்க வந்தா பூட்டு தொங்குது. பொழுது சாயறமுட்டும் வாசல்லயே குந்திக்கினு இருந்தேன்."

"இன்னாடா, ஒன் காய்ச்சலுக்கு லீவு நாள் தெரியாதா?" என்றார் மேஸ்திரி.

ஏனோக் முக்காலியில் நெளிந்தார். "ஞாயித்துக்கெழம நான் வேதக்கோயிலுக்குப் போவ வேணாமாங்க?"

"ஞாயிறு எத்தன பேரு?" என்று என்னைக் கேட்டார் சௌந்தரராஜன்.

"ஒருவரும் இல்லை ஐயா."

அவர் முகம் மாறியது. 'ஏழு நாளும் ஆஸ்பத்திரி திறந்திருந்தது' என்று மாதாமாதம் துரைக்குக் கையெழுத்திட்டு அனுப்பியவர் அவர்தான்.

"திங்கள்ல இருவத்தாறு பேர எடுத்து ஞாயிறுல போடு" என்றார் கடைசியில். "இவனையும் சேத்து."

"அப்ப என் வேலைங்க?"

"இருக்கும். யாரு கேட்டாலும் ஞாயித்துக்கெழம இங்க மருந்து குடிச்சேன்னு சொல்லணும்."

"இன்னா மருந்துங்க?"

"கொயினா" என்றார் ஏனோக்.

"ரொம்பக் கசப்புங்க" என்று சொல்லிக் காத்தவராயன் பதிவேட்டில் கைநாட்டு வைத்தான்.

துரையவர்கள் கருதியபடியே வியாதி ஏழு நாளும் சமமாக வருகிறது என்று எழுதினேன். ஞாயிறு தவறாமல் உழைத்த டிரஸ்ஸருக்கு நற்சான்று வேண்டியும் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்கள். சேர்த்தேன். உறையை ஒட்டி அரக்கு வைத்து முத்திரை குத்தினேன். மேஸ்திரியே அதை எடுத்துக்கொண்டு துரை பங்களாவுக்கு நடந்தார்.