இருபத்தாறு நாள் வெறுமையாகக் கிடந்த கொப்பி

1

இந்தக் கதை ஒரு கொப்பியைப் பார்த்த எரிச்சலில் பிறந்தது. இலங்கை மலையகத்தில், ஹல்துமுல்லைப் பக்கம், தேயிலைத் தோட்டமொன்றின் பழைய துரை பங்களாவை ஹோட்டலாக்கியிருக்கிறார்கள். (ஹோட்டல் என் கற்பனை. குளிர் நிஜம்.) வரவேற்பு மேசையில் அந்தக் கொப்பி. அட்டையில் 'எங்கள் ஊழியர்களின் அறிவு'. உள்ளே இருபத்தாறு நாளுக்குத் திகதி, கீழே வெள்ளைத் தாள். ஊழியர்கள் எல்லாரும் அதே தோட்டத்துத் தொழிலாளர் லயங்களில், அந்த வரிசை வீடுகளில், வளர்ந்தவர்கள். ஒன்றுமே தெரியாதாமா? எனக்குக் கை பரபரத்தது.

2

முதல் ஆரம்பம்: 'மூடுபனி மலையைத் தழுவிய அந்த இனிய காலையில்...' வேண்டாம், ஹோட்டல் விளம்பரம் மாதிரி இருக்கிறது.

இரண்டாவது: பயிற்சி அதிகாரி தயானி தினமும் காலை ஏழு மணிக்கு ஊழியர்களை முற்றத்தில் வரிசையாக நிறுத்தி, தான் படியில் நின்றாள். "தெரிஞ்சத ஒவ்வொருத்தரா சொல்லுங்க. எழுதி வச்சா புதுசா வர்றவங்களும் கத்துக்குவாங்க." எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

மாத முடிவுக்குள் கொப்பி நிறையாவிட்டால் விருந்தாளிகளின் மலைநடைக்கு வழிகாட்டியைக் கொழும்பிலிருந்து எடுப்பேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். அந்த வேலைக்கு ஆசைப்பட்டவள் அறை துப்புரவு செய்யும் இராக்கம்மா. பதினாறு வருடம் கொழுந்து பறித்தவள், மலை முழுக்க அவளுக்கு அத்துப்படி. அவளும் வாயைத் திறக்கவில்லை.

3

அவளைக் கூச்சக்காரியாக எழுதினேன். பொய். சமையலறையில் அவள் சிரித்தால் ரோட்டுக்குக் கேட்கும். கள்ளியாக எழுதினேன், தெரிந்ததைச் சொல்லிவிட்டால் பிறகு தன்னை யார்... இல்லை, அது என் புத்தி. கடைசியில் அவளிடமே கேட்டுவிட்டேன்.*

"பெரட்டுல யாருங்க பேசுவா? தொர சொல்லுவாரு, கேட்டுக்கிட்டு மலைக்குப் போவோம். வாய் காட்டினா அன்னிக்கு வேலை இல்லீங்க."

அடடா! தோட்டத்தில் காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் வரிசைதான் பெரட்டு. தயானி தன்னை அறியாமல் இருபத்தாறு நாளும் பெரட்டு வைத்திருக்கிறாள்! நான் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன்.

(*கதாசிரியர் கதைக்குள் நுழையக் கூடாதாம். நுழைந்தாயிற்று.)

4

உடனே தயானியைச் சமையலறைக்கு அனுப்பினேன். அவள் வெங்காயம் உரிக்க உட்கார்ந்து, "இன்னைக்கு வெள்ளைக்காரங்கள மேல் பாதையில கூட்டிட்டுப் போகலாமா?" என்று பொதுவாகக் கேட்டாள்.

"ஐயோ, வேணாம் மிஸ்!" என்று இராக்கம்மா பாய்ந்தாள். "ரெண்டு மணிக்கெல்லாம் பனி மூடிக்கும். கால் வைக்கிற எடம் தெரியாது. கீழ்ப் பாதையில போயி, மூடுறதுக்குள்ள திரும்பிரணும்."

சமையல்காரர் கணபதி கரண்டியோடு திரும்பினார். "காரம் வேணும்னு கேப்பாங்க மிஸ். கேட்டபடி போட்டுறாதீங்க!" அப்புறம் ஆளுக்கு ஆள் பேச்சு. எழுதி எழுதித் தயானியின் கை வலித்தது. நான்கே நாளில் கொப்பி நிறைந்தது!

5

இங்கே 'சுபம்' போட்டிருப்பேன். ஆனால் முதலாளி கொப்பியைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "எல்லாம் எழுதியாச்சே. இனி இதப் படிச்சிட்டு யார் வேணும்னாலும் வழிகாட்டலாமே?"

அவர் வாயில் இதை நான் வைக்கவில்லை, சத்தியமாக. இராக்கம்மாவின் முகத்தை எழுத எனக்கு மனம் வரவில்லை.

முடிவு ஒன்று: தயானி சண்டை போட்டு வேலையை வாங்கித் தருகிறாள். முடிவு இரண்டு: கொழும்பிலிருந்து ஒருவன் வந்து கொப்பியை மனப்பாடம்...

இரண்டையும் கிழித்துவிட்டேன். கொப்பியில் உள்ளதை நீங்களும் படித்துவிட்டீர்கள் அல்லவா? நாளைக்கு நீங்கள்தான் விருந்தாளி. பாதி மலையில், கொப்பி சொன்ன நேரத்துக்கு முன்பே பனி இறங்குகிறது. உங்கள் முன்னால் யார் நடக்க வேண்டும்? முதலாளியிடம் இப்போதே சொல்லுங்கள். சத்தமாக. இராக்கம்மா பக்கத்தில்தான் நிற்கிறாள்.