மெக்கானிக் இளைத்த கதை

1

இந்தக் கதை என் கணவருடைய பேண்டின் இடுப்பிலிருந்து கிடைத்தது. பெரிய எழுத்தாளர்களுக்கு மழையிலிருந்தும் மரணத்திலிருந்தும் கதை கிடைக்கிறது. துணிக்கடை வாசலில் ஆல்டரேஷன் மெஷின் போட்டு உட்கார்ந்திருப்பவளுக்கு இப்படித்தான் கிடைக்கும். நாள் முழுக்க ஊரார் உடம்பு பெருத்ததற்கும் சிறுத்ததற்கும் ஏற்பத் துணியைப் பிரித்தும் பிடித்தும் தைக்கிறேன். மதியம் கூட்டம் குறைந்ததும், பில் தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன்.

கதைக்காக நான் 'அவள்' ஆகிறேன், அவர் 'அவன்' ஆகிறார். வீட்டில் 'நீங்க, வாங்க' என்று நான் கூப்பிடுகிறவரைத் தாளில் 'அவன்' என்று எழுதுவதில் கொஞ்சம் சந்தோஷம் இருக்கத்தான் செய்கிறது. லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவர் என்பதால் கதையில் அவன் பெயர் மெக்கானிக். நான் எழுதுவதையெல்லாம் முதலில் படிக்கிறவரும் அவர்தான். அதனால் சில இடங்களில் அவர் குறுக்கே வருவார், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

முதல் தொடக்கம்: "அன்று காலை அவள் கண்ணாடி முன்னால் நின்று தன் வயிற்றை" (வேண்டாம். கண்ணாடி முன்னால் நிற்கும் குண்டுப் பெண்ணைப் போதும் போதும் என்கிற அளவுக்கு எழுதிவிட்டார்கள்.)

இரண்டாவது: "பத்துப் பெண்களில் ஒருவரை இந்தப் பிரச்சினை" (இது ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டுகிற நோட்டீஸ்.)

மூன்றாவது: "டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்துவிட்டு, 'மொதல்ல எடையக் குறைம்மா' என்றார்."

இதை வைத்துக்கொள்கிறேன். அவளுக்குச் சினைப்பை நீர்க்கட்டி. சீட்டில் பிசிஓஎஸ் என்று எழுதியிருந்தது. மாதவிலக்கு மாதக்கணக்கில் தள்ளிப்போகும். தாடையில் முடி முளைக்கும். எடை கேட்காமலே ஏறும். சோற்றைக் குறைத்துக் காய், பருப்பு, முட்டையைக் கூட்டச் சொன்னார் டாக்டரம்மா. டீயில் சர்க்கரை கூடாது, தினமும் நடக்க வேண்டும், வாரத்தில் சில நாள் கை கால்களுக்குப் பளு கொடுக்க வேண்டும். கொஞ்சம் குறைந்தாலே உடம்பு ஒழுங்குக்கு வந்துவிடும், ஒல்லியாக வேண்டும் என்று அவசியமில்லை என்றும் சொன்னார்.

(கடைசி வாக்கியத்தை இப்போது எழுதும்போதுதான் எனக்கே நினைவு வருகிறது. அன்றைக்கு அது அவள் காதில் ஏறவே இல்லை.)

3

தனித்தனியாகச் சமைக்க வேண்டாம், அவள் சாப்பிடுவதையே தானும் சாப்பிடுகிறேன் என்றான் மெக்கானிக். காலையில் நடக்கவும் கூடவே வந்தான்.

(இவ்வளவு நல்ல கணவனை நீங்கள் நம்புவீர்களா? நானாக இருந்தால் நம்ப மாட்டேன். அதனால் சொல்லிவிடுகிறேன்: ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடுவான். எதையும் முகத்துக்கு நேரே பேச மாட்டான். கடைக்காரன் அழுகிய தக்காளியைக் கொடுத்தாலும் பேசாமல் வாங்கி வந்துவிடுவான்.)

அந்த நடைதான் அவர்கள் கல்யாண வாழ்க்கையிலேயே நன்றாகப் பேசிக்கொண்ட காலம். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் என்னென்ன புலம்புவார்கள் என்று அவன் நடித்துக் காட்டுவான். அவள் மூச்சு வாங்கிக்கொண்டே சிரிப்பாள். வீட்டுக்கு வந்து தண்ணீர் நிரப்பிய பாட்டில்களைத் தூக்கிப் பயிற்சி செய்வார்கள்.

இளைத்தது அவன்தான். சொல்லி வைத்தாற்போல இளைத்தான். அவள் அவன் பேண்டின் இடுப்பைப் பிடித்துத் தைத்தாள். அடுத்து இன்னொரு தரம் பிடித்தாள். மூன்றாம் தரம் பிடித்தபோது பின்பாக்கெட் இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன. இதற்குமேல் பிடிக்க இடமில்லை, புதுப் பேண்ட்தான் எடுக்க வேண்டும் என்று அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். அவள் சுடிதாரின் பக்கத் தையல் மட்டும் போட்டது போட்டபடி இருந்தது. வெயிட் மெஷினில் முள் லேசாக அசைந்தது, அவ்வளவுதான்.*

* அவள் உடம்பு இன்சுலின் பேச்சைக் கேட்காத உடம்பு. அதனால் இன்சுலின் அதிகமாகச் சுரக்கும், கொழுப்பு இறங்க அடம்பிடிக்கும். அவன் உடம்புக்கு அந்தத் தொல்லை இல்லை. ஒரே சாப்பாடு, ஒரே நடை, ஆனால் பந்தயம் வேறு வேறு.

அந்த மாதங்களில் அவளுக்கு மாதவிலக்கு தேதி தவறாமல் வந்தது. ஏதோ தற்செயல் என்று நினைத்தாள். வெயிட் மெஷினையே முறைத்துக்கொண்டிருந்தவள் காலண்டரைப் பார்க்கவில்லை.

4

ஒரு நாள் துவைக்க எடுத்த பேண்டின் இடுப்பைப் பார்த்துத் திகைத்துப்போனாள். அவள் பிடித்த தையலை யாரோ பிரித்திருந்தார்கள். இடுப்பைத் தளர்த்தி, சாம்பல் நிறத் துணியில் கறுப்பு நூல் போட்டு, கோணலும் மாணலுமாகக் கையால் மறுபடி தைத்திருந்தார்கள். தையல்காரி வீட்டிலேயே கள்ளத் தையல். பாக்கெட்டைக் கவிழ்த்தால் பன் தூள் கொட்டியது.

"மெக்கானிக் நாக்கை அடக்கத் தெரியாதவன். கூடவே இருந்து குழி பறித்தவன்" என்று எழுதினேன். மூன்று பக்கம் எழுதினேன், அத்தனையும் ஆத்திரம். அவன் வேலை முடிந்து வந்ததும் பேண்டைத் தூக்கி அவன் முன்னால் போட்டாள்.

"உங்களுக்கு இது வேடிக்கை. எனக்கு இது உடம்பு."

அவன் பேண்டை எடுத்து மடித்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனான். மறுநாள் அவள் நடக்கப் போகவில்லை. டீயில் சர்க்கரை திரும்பி வந்தது, சோறு பழைய அளவுக்கு வந்தது, தண்ணீர் பாட்டில்கள் சமையலறைக்கே போய்ச் சேர்ந்தன. அடுத்த மாதம் விலக்கு வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. அப்போதுதான் காலண்டரைப் பின்னால் புரட்டிப் பார்த்தாள். முள் நகராமல் இருந்த அதே மாதங்களில் அவள் உடம்பு சரியாகிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஜெயித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஆட்டத்தை விட்டு எழுந்து வந்திருக்கிறாள்.

(இதை 'அவள்' என்று எழுத முடியவில்லை. நான்தான்.)

5

கதை இந்த இடத்தில் முடிந்தது என்று நினைத்து அவரிடம் படிக்கக் கொடுத்தேன். கட்டிலில் உட்கார்ந்து நிதானமாகப் படித்தார். நாலாம் பகுதியில் விரலை வைத்து, இந்த இடம் தப்பு என்றார். பேண்டைப் பிரித்தது நிஜம், பன் நிஜம், காரணம் மட்டும் தப்பு என்றார். அப்புறம்தான் சொன்னார்.

அவருடைய அக்கா வீட்டுக்கு நாங்கள் சாப்பிடப் போன நாள் எனக்கும் ஞாபகம் இருந்தது. கதையில் வைக்க மனசு வராமல் விட்டுவிட்டேன். அக்கா வீட்டுக்காரர் இவர் வயிற்றைத் தட்டிப் பார்த்து மெச்சினார். ரெண்டு பேரும் ஒரே சாப்பாடுதானே சாப்பிடுறீங்க என்று கேட்டு, என் தட்டைப் பார்த்தார். ஒளிச்சு வெச்சுத் தின்பாளோ என்னவோ என்றார் நாத்தனார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

அதற்கு மறுநாளிலிருந்துதான் வேலை முடிந்து வரும் வழியில் பேக்கரியில் நின்று பன் தின்றிருக்கிறார். பிடிக்காமலே தின்றிருக்கிறார். இடுப்பு இறுகியதும், என்னிடம் தைக்கக் கொடுத்தால் தெரிந்துவிடும் என்று, ஊசி நூல் வாங்கி, வேலை செய்யும் இடத்திலேயே உட்கார்ந்து தைத்திருக்கிறார்.

"நானும் குண்டாயிட்டா உன்ன யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்கன்னு நெனச்சேன்" என்றார்.

6

முடிவு ஒன்று: அவள் அழுதாள், அவன் தோளில் சாய்ந்தாள், மறுநாள் காலை இருவரும் (வாசகர்களுக்குப் பிடிக்கும். ஆனால் நான் அழவில்லை.)

முடிவு இரண்டு: ஒரு வருடத்துக்குப் பிறகு பழைய சுடிதார் அவளுக்குத் தொளதொளவென்று (பொய். இந்தப் பொய்யைப் படித்துப் படித்துத்தான் நான் வெயிட் மெஷினை முறைத்தேன்.)

நடந்தது இது. எனக்கு அவர்மேல் பாசம் பொங்கியது, கூடவே கோபமும் பொங்கியது. கோபம்தான் முந்திக்கொண்டது.

"அன்னைக்கு உங்க அக்கா வீட்டு மேஜையில ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. அதுக்குத் தொறக்காத வாயை பன்னுக்குத் தொறந்தீங்களா?"

"எனக்குச் சொல்ல வரல."

அவருக்கு வராதுதான். அழுகிய தக்காளிக்கே வராதவர். உடம்பையே எனக்காக ஊத வைக்கத் தயாராக இருந்தவருக்கு, ஒரு வாக்கியம் மட்டும் முடியாமல் போய்விட்டது. எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒன்றுதான். அவர் இளைத்ததோ பெருத்ததோ எனக்கு ஒரு பொருட்டே இல்லை. இதை அன்றைக்கே சொல்லத் தெரியாமல் நானும்தானே சிரித்து வைத்தேன்.

டாக்டரம்மாவிடம் போனோம். விட்டதைப் பிடிக்கலாம் என்றார். மறுபடி நடக்கத் தொடங்கியிருக்கிறோம். அவர் தெருவின் அந்த ஓரம், நான் இந்த ஓரம். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் பேச்சு இன்னும் வரவில்லை.

முடிவு எழுதிவிட்டாயா என்று நேற்று கேட்டார். இல்லை என்றேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனாரும் அவர் வீட்டுக்காரரும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்கள். பேச்சு எப்படியும் என் உடம்புக்கு வந்துவிடும். அப்போது மெக்கானிக் நிமிர்ந்து பார்த்து என்ன சொன்னான் என்று எழுத என்னிடம் ஒரு வாக்கியம் தயாராக இருக்கிறது. சின்ன வாக்கியம். யாருக்கும் வலிக்காது, ஆனால் அதற்குமேல் அந்த மேஜையில் யாரும் அந்தப் பேச்சை எடுக்க மாட்டார்கள்.

அதை எழுத மாட்டேன். எழுதினால் அவர் படித்துவிடுவார். படித்தால் ஞாயிற்றுக்கிழமை ஒரு எழுத்து பிசகாமல் அப்படியே ஒப்பித்துவிடுவார், அவ்வளவு நல்லவர். நான் எழுதிக் கொடுத்ததையே அவர் வாயால் கேட்டு என்ன செய்யப் போகிறேன்?

உங்களுக்கும் ஒரு வாக்கியம் தோன்றியிருக்கும். உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். அவரை எங்கேயாவது பார்த்தால்கூடச் சொல்லிவிடாதீர்கள்.