அரிசியளவு இடைவெளி

பலகை எழுதும் அக்காவுக்கு ஒரு பழக்கம் உண்டு. எழுதி முடித்ததும் மூன்றடி பின்வாங்கி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, எழுத்துகளை ஒருமுறை அளந்து பார்ப்பாள். மனம் நிறைந்தால் தூரிகையைக் கழுவுவாள். இல்லையேல் அழித்துவிட்டு மறுபடியும் எழுதுவாள்.

பல் மருத்துவரின் வாசலில் அவள் எழுதிய ‘கதவை மெதுவாகச் சாத்தவும்’ என்ற அறிவிப்பைப் பதினொரு ஆண்டுகளாக எவரும் பொருட்படுத்தியதில்லை. கதவு படாரென்றுதான் சாத்தப்பட்டு வந்தது. அச்சோவியம் செய்யும் தங்கை அதைப் படமெடுத்துப் பெரிதாக்கி, ரோஜா நிறத்தின் நடுவே எழுத்துகளுக்கு வெள்ளையாக விட்ட இடத்தில் கறுப்பை அச்சிட்டுக் காட்சிக்கூடத்தில் மாட்டினாள். கதவை அறைந்து சாத்திய அதே மனிதர்கள் அதன் முன்னே நின்று ரசித்தார்கள். முதல் எழுத்தின் வளைவை ஒருவர் வியந்து பேசினார். பூங்கொத்தோ தங்கையின் கைக்குப் போயிற்று. மாலையில் தன்னைவிட நீண்டுவிட்ட தன் நிழலையே கடிக்கப் பாய்ந்த நரியைப் போல, தன் எழுத்தாலேயே உயர்ந்துவிட்ட தங்கைமேல் அக்கா பொறாமைகொண்டாள்.

மூன்றாம் நாள் மாலைக்குள் முப்பது பிரதிகள் வேண்டுமென்று காட்சிக்கூடத்தார் கேட்டார்கள். தவறினால் அந்தச் சுவர் வேறொருவருக்குப் போய்விடும். முதல் நாளே ரோஜா நிறம் முடிந்து, கறுப்பு மட்டும் பாக்கி. தங்கை ஸ்கிரீன் என்னும் வலைச்சட்டத்தின் மேல் மை இழுப்பதிலேயே கண்ணாயிருப்பாள். இரு நிறங்களும் பிசகாமல் விழ, தாளை மேசையில் ஒட்டிய அட்டைத்துண்டில் முட்டவைப்பதும், எடுத்துக் கொடியில் மாட்டுவதும் உதவிக்கு வந்த அக்காவின் வேலை. இரண்டாம் நாள் காலை ஒவ்வொரு தாளையும் அரிசியளவு தள்ளியே வைத்தாள்.

உச்சிவேளையில் தங்கை கொடியைப் பார்த்தாள். எல்லா எழுத்துகளின் ஓரத்திலும் வெள்ளைக் கீற்று.

“நான்தான் ஸ்கிரீனைக் கோணலா மாட்டிட்டேன்கா. உன் கையில தப்பு வராது,” என்று சொல்லிவிட்டு, முடியாதென்று காட்சிக்கூடத்தாருக்குத் தெரிவிக்கப் போனை எடுத்தாள்.

“போனை வை. ஸ்கிரீன் சரியாத்தான் இருக்கு. தாளை நான்தான் தள்ளி வச்சேன்.”

“எதுக்குக்கா?”

“என் எழுத்துக்கு உனக்குப் பூங்கொத்து.”

தங்கை போனைக் கீழே வைத்தாள். “கேட்டிருந்தா பாதியைப் பிச்சுக் கொடுத்திருப்பேனே,” என்றாள். குரலில் சிரிப்பு இல்லை.

அக்கா முப்பது புதுத் தாள்களை வெட்டினாள். ரோஜா நிறத்தைத் தானே குழைத்துக் கொடுக்க, தங்கை அன்றே அச்சிட்டாள். மறுநாள் காலை, அது உலர்ந்தபின், கறுப்புக்கான முதல் தாளை அட்டையில் அழுத்தி முட்டவைத்து, அச்சானதும் மூன்றடி பின்வாங்கி ஒற்றைக் கண்ணை மூடினாள்.

“பின்னாடி மை வாளி இருக்கு,” என்றாள் தங்கை.

அக்கா வாளியை நகர்த்திவிட்டு, இரண்டாவது தாளை எடுத்தாள்.