சீனப் பெருநாளின் மூன்றாம் நாள்

சீனப் பெருநாளின், அதாவது சீனப் புத்தாண்டின், மூன்றாம் நாள் எங்கள் ஊரில் யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை. அன்றைக்குப் போய்க் கதவைத் தட்டினால் வாய்ச்சண்டை வரும், அது வருடம் முழுக்கத் தீராது என்பார்கள். துக்கம் நடந்த வீட்டுக்கு மட்டும்தான் அன்று ஆள் போகும். சீனரில் ஹொக்கியன்காரியாகப் பிறந்து, இதெல்லாம் தெரிந்தே, அன்று காலையில், நாங்கள் தவுக்கே என்று கூப்பிடுகிற கடைமுதலாளி பெங் சூனின் கதவைத் தட்டினேன். வேறு வழி இருந்தால் நான் ஏன் போகிறேன்?

என் பெயர் சியூ ஹூன். மலேசியாவில் புக்கிட் மெர்தாஜாம் பஜாரில், பல் டாக்டர் கிளினிக்குக்கு மேல்மாடியில் இன்சூரன்ஸ் ஏஜென்சி வைத்திருக்கிறேன். எந்தக் கம்பெனிக்கும் நான் சம்பளக்காரி இல்லை. சில கம்பெனிகளின் பாலிசிகளைக் கையில் வைத்துக்கொண்டு, யாருக்கு எது பொருந்துமோ அதைத் தேடிக் கொடுப்பவள். ஒரு காலத்தில் கார் இன்சூரன்ஸ் ஒன்றே எனக்குச் சோறு போட்டது. இப்போது கார்க்காரர்கள் கட்டிலில் படுத்தபடியே கைபேசியில் எடுத்துக்கொள்கிறார்கள். விலையும் குறைவு. குறை சொல்ல முடியாது, நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். எனக்கு மிஞ்சியது யாரும் தொட விரும்பாத சரக்கு. பலகைத் தளம் போட்ட பழைய கடைவீடுகள், எண்ணெய் கொதிக்கிற பலகாரத் தொழிற்சாலை, அப்புறம் பெங் சூன் தவுக்கேயின் கடை.

அது சாமிக் காகிதக் கடை. தரையிலிருந்து கூரை வரை தங்கக் காகிதக் கட்டு, ஊதுவத்தி, செத்தவர்களுக்கு எரித்து அனுப்பும் காகித வீடு, காகிதக் கார். இன்சூரன்ஸ் கம்பெனிக்காரன் கனவில் கண்டால்கூட அலறி எழுந்துகொள்வான். எரிப்பதற்கென்றே செய்த சரக்கு எரிந்துபோனால் ஈடு கிடைக்க நான் இன்சூரன்ஸ் காப்பு தேடித் தர வேண்டும். தேடித் தந்தேன். ஒரே ஒரு கம்பெனி எடுத்துக்கொண்டது, பல வருடங்களாக ஓடியது. தவுக்கேயும் நன்றி மறக்கவில்லை. அந்தத் தெருவில் பாதிக் கடைகள் அவர் சொல்லித்தான் என்னிடம் வந்தன.

சிக்கல் இதுதான். அந்தக் கம்பெனி இனி இந்த மாதிரிக் கடைகளைப் புதிதாக எடுக்காது. இருப்பவர்கள் புதுப்பித்துக்கொள்ளலாம். ஒரு நாள் விட்டுப்போனாலும் கதை முடிந்தது, திரும்ப வாசலில் சேர்க்க மாட்டார்கள். தவுக்கேயின் பாலிசி அந்த வருடம் பெருநாளின் மூன்றாம் நாள் நள்ளிரவோடு முடிகிறது. எட்டாம் நாள் இரவு எங்கள் ஹொக்கியன் ஜனங்கள் வானத்துச் சாமிக்குத் தெருவெல்லாம் தங்கக் காகிதம் எரிப்பார்கள். அதற்காகத் தன் கைப்பணம் மொத்தத்தையும் சரக்காக வாங்கிக் கடையில் அடுக்கியிருந்தார் மனுஷன். காப்பு இல்லாமல் அந்த இரவை அவர் தாண்ட நான் விடுவதாக இல்லை.

முன்பெல்லாம் இது ஒரு பிரச்சினையே இல்லை. பெருநாள் பதினைந்து நாளும் நெருப்பு, சாவு, நஷ்டம் என்ற சொற்களை வாயில் எடுக்கக் கூடாது. அதனால் எங்கள் ஊர் ஏஜென்டுகள் அந்த நாட்களில் முடிகிற பாலிசியைத் தாங்களே சத்தமில்லாமல் புதுப்பித்துவிட்டு, பதினைந்து கழிந்த பிறகு போய்ச் சிரித்துக்கொண்டே விஷயத்தைச் சொல்வோம். வாடிக்கையாளருக்கும் அதுதான் பிடிக்கும். அந்த வருடம் கம்பெனி புதுச் சட்டம் போட்டது. ஏஜென்ட் தொடக் கூடாது. வாடிக்கையாளரின் கைபேசிக்கே செய்தி வரும், அவரே ஒவ்வொரு பத்தியாகப் படித்து 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அழுத்த வேண்டும்.

பெருநாளுக்கு முன்பே போய் தவுக்கேயிடம் சொன்னேன். கடையில் நிற்க இடமில்லாத கூட்டம். "பெருநாள் முடியட்டும் ஹூன்" என்று ஈ விரட்டுகிற மாதிரி கையை ஆட்டினார். அது அவ்வளவு நாள் பொறுக்காது என்று நான் கத்தியது ஊதுவத்திப் புகையோடு போய்விட்டது.

இரண்டாம் நாள் சாயங்காலம் பார்க்கிறேன், இன்னும் அழுத்தவில்லை. கம்பெனியில் எனக்குத் தெரிந்த பெண் ரொஸ்னானிக்குப் போன் போட்டேன்.

"அக்கா, அவரு போனை வாங்கி நீங்களே அமுக்கிடுங்களேன்" என்றாள். "எல்லா ஏஜென்டும் அப்படித்தான் பண்றாங்க."

"பண்ணலாமா?"

குரலைத் தாழ்த்தினாள். "எதுவும் நடக்கலேன்னா பண்ணலாம். நடந்துச்சுன்னா அவர்கிட்ட நேராக் கேப்பாங்க, நீங்களா படிச்சீங்கன்னு. தவுக்கே பொய் சொல்லுவாரா?"

தவுக்கேயாவது, பொய் சொல்வதாவது! ஊதுவத்தியில் ஒன்று குறைந்தாலே கடைக்கு வந்தவரை விரட்டிப் பிடித்துக் கொடுக்கிற ஆள். போனை வைத்துவிட்டு, பெருநாள் மரியாதைக்கு ஆரஞ்சுப் பழம் இரண்டை எடுத்துச் சிவப்புப் பையில் போட்டேன்.

கதவைத் திறந்தது அவர் மனைவி குவாட் லீ அண்ணி. என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துப்போனது.

"யாருக்கு என்ன ஆச்சு ஹூன்?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல அண்ணி. எல்லாரும் நல்லா இருக்காங்க."

"அப்புறம் ஏன் மூணாம் நாள்ல வந்து நிக்கிற?"

உள்ளேயிருந்து தவுக்கேயின் குரல் கேட்டது. "யாரது, சோத்துக்கு வழியில்லாம இன்னிக்கு வந்திருக்கறது?"

"நான்தான் தவுக்கே. ஒரே ஒரு நிமிஷம். போனை எடுத்து ஒரு தடவை அமுக்கிட்டீங்கன்னா ஓடியே போயிடறேன்."

அவர் வெளியே வந்தார். சிவப்புச் சட்டை, கையில் கொறிக்கிற தர்ப்பூசணி விதை. "அந்தச் சனியன் புடிச்ச மெசேஜா? தொறந்த உடனே மொத வரியிலயே என்ன எழுதியிருந்துச்சு தெரியுமா? அதைப் பாத்துட்டு மூஞ்சியைக் கழுவிக்கிட்டு வந்தேன். அழிச்சுட்டேன்."

"அழிச்சாலும் பரவாயில்ல, காலையில மறுபடியும் அனுப்ப வெச்சிருக்கேன். இன்னிக்கு ராத்திரியோட முடியுது."

"பதினஞ்சு கழியட்டும்."

"கழிஞ்சா எந்தக் கம்பெனியும் உங்களைச் சீண்டாது. எட்டாம் நாள் ராத்திரி ஊரே கொளுத்தும்போது வெறும் கையோட நிப்பீங்களா?"

"கொளுத்தறதைப் பத்திப் பேசாதேங்கிறேன்!"

"பேசாம எப்படி இருக்கறது? அதுதானே என் தொழில்?"

"அப்ப நீயே அமுக்கு. இந்தா போன்." நீட்டினார். சத்தியமாகச் சொல்கிறேன், என் கை அதை நோக்கிப் போனது. விரல் ஒன்றை வைத்தால் முடிந்தது, எல்லாருக்கும் நிம்மதி. ஆனால் நாளைக்கு ஒன்று ஆனால், இந்த மனுஷன் நெஞ்சை நிமிர்த்தி 'நான் படிக்கல, ஹூன்தான் அமுக்கினா' என்று சொல்லித் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வார். கையை இழுத்துக்கொண்டேன்.

"நீங்கதான் படிக்கணும். நீங்கதான் அமுக்கணும்."

"கழுதை மாதிரி பிடிவாதம்!"

"நீங்க மட்டும் என்ன, குதிரையா?"

வாய்ச்சண்டை நாள் என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. நாங்கள் போட்ட சத்தத்தில் எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. அண்ணி அதுவரை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஆரஞ்சுப் பையை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாகச் சுவரில் இருந்த சாமி பீடத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏங்க, சாமியெல்லாம் எப்ப எறங்கி வருவாங்க?"

"நாளைக்கு. நாலாம் நாள். இது தெரியாதா உனக்கு?" வருடக் கடைசியில் வீட்டுச் சாமிகள் மேலோகத்துக்குக் கணக்குச் சொல்லப் போய், நாலாம் நாள்தான் திரும்பும். அவற்றை வரவேற்க அவர் கடையில்தான் ஊரே காகிதம் வாங்கும்.

"அப்ப இன்னிக்கு வீட்டுல சாமியே இல்லையே. கெட்ட வார்த்தை சொன்னா யாரு காதுல விழப்போகுது? நாளைக்கு வந்து படிச்சாத்தான் தப்பு. படிக்கறதுன்னா இன்னிக்கே படிச்சு முடிங்க."

இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருந்தும் எனக்கு இது தோன்றவில்லை.

அவர் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்கு மனசுக்குள் படித்துப் பழக்கமில்லை, கோயிலில் படிக்கிற மாதிரி உரக்கத்தான் வரும். நெருப்பு, வெடிப்பு, இடி, உயிரிழப்பு, முழு நாசம் என்று ஒவ்வொன்றையும் ராகம் போட்டு வாசித்தார். அண்ணி காதைப் பொத்திக்கொண்டாள். கடைசியில் கட்டை விரலால் ஒரு குத்து குத்தினார். என் போனில் உறுதிச் செய்தி வந்தது. அவர் வீட்டுப் படிக்கட்டில் இறங்கும்போது எனக்குக் கால் தரையில் படவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

எட்டாம் நாள் இரவு அவர் கடை எரிந்தது.

தெருவில் யார் வீட்டு முன்னாலோ எரிந்த காகிதத்திலிருந்து ஒரு பொறி கிளம்பி, மாடி ஜன்னல் வழியாகச் சரக்கறைக்குள் போயிருக்கிறது. தவுக்கேயும் அண்ணியும் கீழே தெருவில் கும்பிட்டுக்கொண்டிருந்ததால் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. நெருப்பு விட்டுவைத்ததைத் தீயணைப்புத் தண்ணீர் முடித்துவிட்டது. விடிந்ததும் நான் ஓடினேன். கடைக்கு முன்னால் கூரைக்குக் கீழே ஓடும் ஐந்தடிப் பாதையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். காலைச் சுற்றிக் கறுப்புத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"வந்துட்டியா? திருப்தியா?" என்றார். குரல் உயரவே இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "படிக்க வெச்சே. படிச்சேன். எரிஞ்சுது."

"வீட்டுல சாமி இல்லாதப்பத்தானே படிச்சீங்க?" என்றாள் அண்ணி.

"சாமி இல்ல, சரி. அந்த நேரம் பாத்து வேற எதுவோ கேட்டுருச்சு."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம். நான் ஈரச் சரக்கையெல்லாம் படம் எடுத்தேன், கம்பெனிக்குப் போன் போட்டேன். அந்தத் தெருவில் அன்று என் முகத்தைப் பார்த்து யாரும் பேசவில்லை. என்மேல் தப்பில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு மூலையில், நான் போகாமல் இருந்திருந்தால் எரிந்திருக்காதோ என்ற பயம் இருந்தது. நானும் அந்த ஊர்க்காரிதானே.

கம்பெனி அனுப்பிய மதிப்பீட்டாளர் அதே வாரத்தில் வந்தார். மெலிந்த ஆள், சிரிக்கவே தெரியாதவர். எல்லாவற்றையும் அளந்து முடித்துவிட்டுத் தவுக்கேயின் எதிரில் உட்கார்ந்தார்.

"ஐயா, பாலிசி புதுப்பிச்சு அஞ்சே நாள்ல எரிஞ்சிருக்கு. அதனால கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. இதை நீங்களே படிச்சு அமுக்கினீங்களா, இல்ல ஏஜென்ட் பண்ணினாங்களா?"

தவுக்கே எழுந்துவிட்டார். விரல் என்னைக் காட்டியது.

"நானா படிச்சேனா? இவ படிக்க வெச்சா! மூணாம் நாள்! பெருநாளும் அதுவுமா வீடு தேடி வந்து, போனைக் குடுத்தாலும் தொடமாட்டேன்னு நின்னா! ஒவ்வொரு வார்த்தையும் நான் வாய்விட்டுப் படிச்சேன்! நெருப்புன்னேன், நாசம்னேன், எல்லாத்தையும் என் வாயாலயே சொன்னேன்! இந்தக் கட்டை விரலாலதான் அமுக்கினேன்! வேணும்னா எதிர் வீட்டுல கேளு, அவங்களுக்கும் கேட்டுச்சு!"

மதிப்பீட்டாளர் எல்லாவற்றையும் பொறுமையாக எழுதிக்கொண்டார். "போதும் ஐயா. இதுதான் எனக்கு வேணும்" என்றார். நான் சுவர்ப் பக்கம் திரும்பி இருமுகிற மாதிரி நின்றேன். சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை.

பணம் வந்தது. கூரை போட்டார்கள், சுவருக்கு வெள்ளை அடித்தார்கள், கடை திறந்தது. திறப்புக்கு என்னைக் கூப்பிடவில்லை. சரி, நல்லதுக்குக் காலமில்லை என்று நினைத்துக்கொண்டேன். அவருடைய வேன், மகனுடைய வீடு, தெருவில் அவர் சொல்லி வந்த கடைகள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கைபேசிக்குப் போய்விடும் என்று கணக்குப் போட்டு, வாடகை குறைந்த இடம்கூடப் பார்க்க ஆரம்பித்தேன்.

ஒரு மத்தியானம் மாடிப்படியில் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. தவுக்கே. அதுவரை என் ஆபீசுக்கு அவர் வந்ததே இல்லை. கைபேசியை என் மேசையில் வைத்தார்.

"கோலாலம்பூர்ல இருந்து மகன் வந்து ஒரு ஆப் போட்டுக் குடுத்திருக்கான். வேன் இன்சூரன்சுக்கு. உன்னைவிட வெலை கம்மி."

"பாத்தேன் தவுக்கே. நல்ல ஆப்தான். எடுத்துக்கோங்க." கைபேசியை அவர் பக்கமே தள்ளினேன்.

"அதுல ஒரு நம்பர் இருக்கு. அடிச்சுப் பாத்தேன். ஒரு பொம்பளைக் குரல், ஒண்ணை அமுக்கு, ரெண்டை அமுக்குங்குது. கோபம் வந்து நல்லாத் திட்டிவிட்டேன். 'மன்னிக்கவும், நீங்கள் சொன்னது புரியவில்லை'ங்குது."

"அது மெஷின் தவுக்கே."

"தெரியும், நான் என்ன முட்டாளா? நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நான் யாரைப் போய்த் திட்டறது?"

நான் பேனாவை எடுத்து வேன் நம்பரைக் கேட்டேன். அவர் நம்பரைச் சொல்லிவிட்டு, என் மாடிப்படி இவ்வளவு செங்குத்தாக இருப்பதற்கும் சேர்த்து என்னைத் திட்ட ஆரம்பித்தார்.