தெரியாதவர்கள் இடது கை

ஹேண்ட் என்றால் கை. அதோடு விட்டிருந்தால் யாருக்கும் ஒரு பொல்லாப்பும் வந்திருக்காது. ஆனால் இங்கிலீஷ்காரன் ஒரு சொல்லைப் பிடித்தால் சக்கையாகப் பிழியாமல் விடுகிறவன் இல்லை. கடிகாரத்து முள்ளையும் ஹேண்ட் என்பான், வயலில் இறங்குகிற வேலையாளையும் ஹேண்ட் என்பான், ஒருவர் எழுதுகிற எழுத்தையும் அப்படியே சொல்வான். பின்னால் ஒரு வாலை ஒட்டினால் கைத்தறி, இன்னொரு வாலை ஒட்டினால் கைக்குட்டை, வேறொன்றை ஒட்டினால் கைவிலங்கு. நாம் மட்டும் என்ன, கைராசி, கைநாட்டு, கைமணம் என்று அதே கையை இழுத்து அலைக்கழிக்கவில்லையா என்று கேட்டால் வாஸ்தவம்தான். நமக்கு அது தாய்ப்பாலோடு வந்தது. கறம்பக்குடிக்குப் பக்கத்தில் இருந்த அந்தப் பள்ளிக்கூடத்தின் ஆறாம் வகுப்புக்கோ இன்ஸ்பெக்ஷனோடு வந்தது.

புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து ஒரு வருஷம் கழிந்திருந்தது. பள்ளிக்கூடங்களைப் பார்க்க இனி திருச்சியிலிருந்து ஆள் வருவார்கள் என்று பேச்சு. பழைய இன்ஸ்பெக்டர் என்றால் இளநீர் குடித்துவிட்டு, பிள்ளைகளை ஒரு பாட்டுப் பாடச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போய்விடுவார். புதியவர் கண்டிப்பானவராம், இங்கிலீஷில்தான் கிடுக்கிப்பிடி போடுவாராம். இதைக் கேட்ட நாளிலிருந்து சொர்ணவல்லி டீச்சருக்குச் சோறு இறங்கவில்லை.

அவள் வேலை டெம்பரரி. இன்ஸ்பெக்டர் நல்லபடியாக எழுதினால் நிரந்தரம், இல்லையென்றால் குளத்தூருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். குளத்தூரில் அவளுக்கு அண்ணன் வீடு. கல்யாணமான கொஞ்ச நாளிலேயே புருஷனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்துவிட்டு அவள் போய்ச் சேர்ந்த இடம். அண்ணன் நல்லவர்தான். நல்லவர்களின் வழக்கம்போல வாயைத் திறக்காமல் இருந்தார். அண்ணி அமராவதி திறந்தாள். வீட்டில் நல்ல காரியம் என்றால் சொர்ணவல்லி அடுப்படியை விட்டு வெளியே வரக்கூடாது. மற்ற நாட்களில் அடுப்படி வேலையே அவளை வெளியே விடாது. அழுது, பட்டினி கிடந்து, பிடிவாதம் பிடித்து டீச்சர் டிரெயினிங் முடித்து அவள் இங்கே வந்திருந்தாள். வாடகைக்கு எடுத்த ஒற்றை அறையின் தாழ்ப்பாளைத் தானே போட்டுத் தானே திறக்கிற சுகம் அவளுக்கு மட்டும்தான் தெரியும். செத்தாலும் குளத்தூருக்குத் திரும்பக் கூடாது என்று அவள் நினைத்தாள். வெறும் வாய்ப்பேச்சாக அல்ல, நிஜமாகவே அப்படித்தான் நினைத்தாள்.

ஹெட்மாஸ்டர் ஆத்மநாதன் ஒரு வழி சொன்னார். எத்தனையோ இன்ஸ்பெக்டர்களைப் பார்த்துப் பழம் தின்று கொட்டை போட்டவர்.

"பிள்ளைக எல்லாரும் கையைத் தூக்கணும் டீச்சர். பாக்குறவருக்கு மனசு குளிர்ந்து போயிரும். தெரிஞ்சவங்க வலது கை, தெரியாதவங்க எடது கை. நீங்க வலது கை தூக்கின பிள்ளையாப் பாத்துக் கேளுங்க. அவ்வளவுதான்."

"தப்பில்லையா சார்?"

"தப்புன்னா குளத்தூருக்குப் பஸ் காலையிலேயே இருக்கு" என்றார் அவர் சிரித்துக்கொண்டே. சொர்ணவல்லிக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாளிலிருந்து ஆறாம் வகுப்பில் கை தூக்கும் பயிற்சி நடந்தது. "ஹேண்டுக்குக் கைங்கிறதைத் தவிர வேற என்ன அர்த்தம்?" என்று கேட்பாள். நாலைந்து வலது கை எழும்பும், மிச்சமெல்லாம் இடது. வலது கை தூக்கிய பிள்ளைகளுக்கும் சொல்லிவைத்தாற்போல் கைவிலங்குதான் முதலில் ஞாபகம் வந்தது. கடைசி வரிசையில் அழகி என்று ஒரு பிள்ளை. நாற்று நடப் போகிற காத்தாயியின் மகள். வாயைத் திறந்து ஒரு பதில் சொல்லி யாரும் கேட்டதில்லை. ஆனால் டீச்சர் மேல் உயிர். டீச்சர் சேலைத் தலைப்பு காற்றில் பறந்தால்கூட இவள் கண் அங்கேயே நிற்கும். ஒவ்வொரு தடவையும் தவறாமல் இடது கையைத் தூக்குவாள், ஏதோ பெரிய உதவி செய்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

இன்ஸ்பெக்டர் வாடகைக் காரில் வந்து இறங்கினார். வாசலில் மாவிலைத் தோரணம், கழுத்தில் செவ்வந்தி மாலை. ஆள் ஒன்றும் பூதமில்லை. வெயிலில் களைத்துப்போய், நெற்றியைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "நடத்துங்கம்மா, நான் பாக்குறேன்" என்றார். ஆத்மநாதன் கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

சொர்ணவல்லி கேள்வியைக் கேட்டாள். வகுப்பே கையைத் தூக்கியது. எல்லாம் வலது கை.

அந்த இடத்தில் அவள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நேற்றுவரை ஒன்றும் தெரியாத பிள்ளைகளுக்கு ராத்திரியில் சரஸ்வதி வந்து நாக்கில் எழுதிவிட்டா போவாள்? பேசாமல் முதல் வரிசைப் பழனிச்சாமியைக் கேட்டிருந்தால் அவன் கடகடவென்று ஒப்பித்திருப்பான், கதையும் முடிந்திருக்கும். ஆனால் அவள் கண் கடைசி வரிசைக்குப் போய்விட்டது. அழகிகூட வலது கையைத் தூக்கியிருந்தாள். டீச்சருக்கு மனசு நிறைந்துவிட்டது. இந்தப் பிள்ளைக்கே வந்துவிட்டதா, நம் உழைப்பு வீண்போகவில்லையா என்று ஒரு கணம் எல்லாவற்றையும் மறந்துவிட்டாள்.

"அழகி, நீ சொல்லு."

அழகி எழுந்து நின்றாள். நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள்.

இன்ஸ்பெக்டர் பக்கத்துப் பையனைக் காட்டினார். அவன் "கால்" என்றான். அடுத்தவன் அதுவும் சொல்லவில்லை. அவர் நாற்காலியை விட்டு எழுந்து அழகியிடம் போனார். கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் அவள் அழுது தப்பித்திருப்பாள்.

"தெரியாம ஏம்மா கையைத் தூக்கினே?"

"தெரியலைன்னா எடது கையைத் தூக்கணும்னு டீச்சர் சொன்னாங்க" என்றாள் அழகி. "பெரியவுக முன்னாடி பீச்சாங்கையைக் காட்டக் கூடாதுன்னு ஆத்தா சொல்லுச்சு. அதான்."

அவள் வீட்டில் மட்டுமா சொன்னார்கள்? காரில் பெரிய ஆபீசர் வருகிறார் என்று தெரிந்து ஊரில் எல்லா ஆத்தாக்களும் தலைக்கு எண்ணெய் தடவிவிட்டு அதையேதான் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கொடுப்பதும் வாங்குவதும் வலது கையில், இடது கை எதற்கென்று கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். திருச்சியிலிருந்து வந்தவர் முகத்துக்கு நேராக அதைத் தூக்கச் சொன்னால் எந்தப் பிள்ளை தூக்கும்? ஆத்மநாதனும் சொர்ணவல்லியும் இதே மண்ணில் பிறந்தவர்கள்தான். இருவருக்கும் இது தோன்றவில்லை.

இன்ஸ்பெக்டர் திரும்பினார். "நிஜமாம்மா இது?"

சொர்ணவல்லி கதவுப் பக்கம் பார்த்தாள். ஆத்மநாதன் கூரை ஓட்டில் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தார். அவருடைய யோசனைதான் என்று சொல்லலாம். சொன்னால் அவர் இல்லை என்பார், அப்புறம் யார் சொல் எடுபடும் என்பது அவளுக்குத் தெரியும். குளத்தூர் அடுப்படியின் புகை அங்கேயே கண்ணைக் கரித்தது. அவளுக்குப் பயமாக இருந்தது. அப்படியொரு பயம் புருஷன் செத்த அன்றைக்குக்கூட இல்லை.

"இல்லைங்கய்யா" என்றாள். "இந்தப் பிள்ளை பொய் சொல்லுது."

"ஆமாங்கய்யா" என்று ஆத்மநாதன் கூரையிலிருந்து இறங்கி வந்தார். "இவ எப்பவுமே இப்படித்தான். வீட்டு வளர்ப்பு அப்படி."

இன்ஸ்பெக்டர் மற்ற பிள்ளைகளைப் பார்த்து, "டீச்சர் அப்படிச் சொன்னாங்களா?" என்று கேட்டார். ஹெட்மாஸ்டரின் கண் வகுப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. "இல்லை சார்" என்று எல்லாப் பிள்ளைகளும் ஒரே குரலில் சொன்னார்கள். அழகி மட்டும் எழுந்த இடத்திலேயே நின்றாள். அவள் அழவில்லை, டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்ஸ்பெக்டர் டீச்சரின் வெள்ளைச் சேலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நம்பினாரோ, இரங்கினாரோ, பசித்ததோ, மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. சாப்பாடு முடிந்து கிளம்பும்போது, "இங்கிலீஷை இன்னும் கொஞ்சம் கவனியுங்க, மத்தபடி பரவாயில்லை" என்றார். டீச்சர் தப்பித்துவிட்டாள் என்று ஆத்மநாதன் அவளிடமே வந்து சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை முதல் மணி அடிப்பதற்கு முன்னால் காத்தாயி பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். நடவுக்குப் போகிற அவசரம், சேலையை வரிந்து கட்டியிருந்தாள். அழகியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். பிள்ளையின் கன்னம் வீங்கியிருந்தது.

"டீச்சரம்மா, மன்னிச்சுப்புடுங்க" என்றாள் காத்தாயி. "ஆபீசர் முன்னாடி ஒங்க மேல பழி சொல்லிப்புட்டாளாமே. ஊரே காறித் துப்புது. படிப்பு வராட்டிப் போகுது, பொய் சொல்ற புத்தி எங்க வமிசத்துலயே கெடையாதுங்க."

"விடுங்க காத்தாயி" என்றாள் சொர்ணவல்லி.

"எப்படி விடுறது? நேத்துலேருந்து அடிக்கிறேன். 'டீச்சர் சொன்னாங்க, டீச்சர் சொன்னாங்க'ன்னே சாதிக்கிறா. அடி தாங்காமக்கூட மாத்திச் சொல்ல மாட்டேங்குறா. அதான் இங்கிட்டு இழுத்தாந்தேன். ஒங்க மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும்." மகளை முன்னால் தள்ளினாள். "சொல்லுடி. டீச்சர் அப்படிச் சொன்னாங்களா?"

ஆத்மநாதன் தம் அறை வாசலுக்கு வந்து நின்றுவிட்டார். தொண்டையைக் கனைத்தார். சொர்ணவல்லிக்கு வாய்வரை வந்துவிட்டது. ஆமாம், நான்தான் சொன்னேன், பிள்ளையை அடிக்காதீங்க. அவ்வளவு சொன்னால் போதும். வாயைத் திறந்தாள். உதடு நடுங்கியது, சொல் மட்டும் வரவில்லை.

அழகி அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். நடுங்குகிற உதட்டைப் பார்த்தாள்.

"இல்லை ஆத்தா" என்றாள். "டீச்சர் அப்படிச் சொல்லலை. நான்தான் பொய் சொன்னேன்."

வருஷம் முழுக்க ஒரு கேள்விக்கும் பதில் சொல்லாத பிள்ளை இதைத் திக்காமல் திணறாமல் தெளிவாகச் சொன்னாள்.

காத்தாயிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சேலைத் தலைப்பால் மகளின் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"பாத்தீங்களா டீச்சரம்மா, நான் அம்புட்டு அடிச்சும் வராத உண்மை ஒங்க முன்னாடி நின்னதும் வந்துருச்சு. இப்படியே நல்ல புத்தி சொல்லிக் குடுங்க, அது போதும்."

சொர்ணவல்லி தலையை ஆட்டினாள்.