ரமீஸ் குடைந்த சிலிண்டர்

நான் யாரையும் லேசில் நம்புகிறவன் இல்லை. மருமகனையும்தான். ரமீஸ் சிலிண்டரைக் கொண்டுவந்து, "முடிஞ்சிருச்சு மாமா, மாட்டிருவோமா?" என்றபோது வாங்கி வெளிச்சத்தில் பார்த்தேன்.

பூன் லேயில் என் வீட்டு அடுப்படியில்தான் வேலை. பேரிங்குக்குள் தூள் போகாமல் பழைய கைலியைக் கிழித்து அடைத்து, எஞ்சின் கேஸை நான் குடைந்திருந்தேன். சிலிண்டரை அவன் தன் வீட்டில் குடைந்தான். ஞாயிறன்று ஜொகூர் ரேஸ் ட்ராக்கில் தன் டூ ஸ்ட்ரோக் பைக்கை ஓட்டப்போகிறான்; வேகம் கூட்டத்தான் இந்தக் குடைகிற வேலை.

புகை வெளியேறுகிற ஓட்டை கண்ணுக்கே பெரிதாகத் தெரிந்தது.

"அளந்தீங்களா மாப்ள?"

"நீங்க குடுத்த அளவுதான். கேலிப்பர் வச்சு அளந்தேன்லா."

நான் கொடுத்தது, காகிதத்தைச் சுருட்டி உட்சுவரில் ஒட்டவைத்து வளைவோடு எடுத்த அளவு. இவன் குறுக்கே நேராக அளந்திருக்கிறான். நேராக அளந்தால் குறைவாகத்தான் காட்டும். அளவு வருகிறவரை இரும்பைத் தின்றுவிட்டான்.

ஒரு பிஸ்டன் ரிங்கை உள்ளே தள்ளி ஓட்டைக்கு நேராக நிறுத்தினேன். தடவினால் வெளியே பிதுங்கியதுபோல் இருந்தது. மரத்துப்போன விரல், சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் ஓடும்போது ரிங் அதில் மாட்டி உடைந்தால் எஞ்சின் இறுகும், சக்கரம் அப்படியே நிற்கும். இவன் பறந்துபோய் விழுவான்.

"மாப்ள, இத மாட்டக்கூடாது."

"ஓரத்த மழுக்கிட்டா போதும் மாமா. பயந்தா பஸ்லதான் போகணும்."

வாசலில் நின்ற என் மகள் ஷமீமா சிரித்தாள். "அத்தா லிஃப்டக்கூட நம்பமாட்டாங்க. நீங்க எடுத்துட்டு வாங்க."

"மாட்டமாட்டேன்னு சொல்லுங்க மாப்ள."

"சரி, மாட்டல." அவன் பார்வை என் பக்கம் இல்லை. கை மட்டும் சிலிண்டருக்கு நீண்டது.

நான் சுத்தியலை எடுத்தேன். முதல் அடியில் விளிம்பு தெறித்தது. இரண்டாவதில் உட்சுவர் விரிசல் விட்டது.

"ஒங்களுக்கென்ன பைத்தியமா அத்தா? இது இனி எங்க கெடைக்கும்?"

"கெடைக்காது" என்றேன்.

ரமீஸ் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். அந்தச் சிலிண்டர் தாங்கியிருக்குமோ என்னவோ. எனக்கே தெரியாது.

ஞாயிறு காலை ஷமீமா போனை எடுக்கவில்லை. பொங்கோலில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். புளோக்கின் கார்ப்பார்க்கில் எஞ்சின் இல்லாமல் அவன் பைக் நின்றது. வேறு யார் பைக்கையாவது வாங்கிக்கொண்டு போயிருப்பானோ? மேலே போய்க் கதவைத் தட்டினேன். ரமீஸ்தான் திறந்தான். என்னைப் பார்த்ததும் மூடிவிட்டான்.