ஒன்பது பேரிடம் சேர்ந்தது

1

இந்தக் கதை தாராவிக்குப் பக்கத்தில், சயான் ரயில் ஸ்டேஷனில் தொடங்கியது. மழையில் டவர் போய்விட்டது. நெட் இல்லாமலே ஒரு போனிலிருந்து பக்கத்துப் போனுக்குச் செய்தியைக் கைமாற்றிக் கொண்டுபோகும் செயலி ஒன்றை முந்தின நாள்தான் போட்டிருந்தேன். ‘ஆறு பேர் உங்களுடன் இணைந்திருக்கிறார்கள்’ என்றது திரை. சுற்றிலும் பார்த்தேன். ஒருத்தரும் என்னை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் கதை எழுதுவேன், கெட்ட பழக்கம்.

2

முதல் தொடக்கம்: ‘தாராவியின் குறுகிய சந்துகளில் மழை...’

வேண்டாம். தாராவி என்றதும் சந்துகளையும் மழையையும் இழுத்துக்கொண்டு வருகிறவர்களை எனக்குப் பிடிக்காது. (ஆனால் மழையை விட முடியவில்லை. டவர் போக வேண்டுமே.)

இரண்டாவது: சபுரா மாடியறையில் தனியாக இருந்தாள். கீழே பிளாஸ்டிக் குடோன். அதில் தீப்பிடித்து, ஏணி வழியாகப் புகை மேலே ஏறியது.

இது நிற்கட்டும்.

3

‘மேல மாட்டிக்கிட்டேன், சீக்கிரம் வாங்க’ என்று அந்தச் செயலியில் அனுப்பினாள். ‘9 பேரிடம் சேர்ந்தது’ என்று பச்சையில் வந்தது. அதைத் தொட்டால் பெயர்கள் தெரியும். முதல் பெயர் அப்துல் வாஹித், அவள் கணவன். அடுத்த சந்தில் தையல் பட்டறையில் இருந்தான்.

ஜன்னல் வழியாகப் பக்கத்துத் தகரக் கூரையில் இறங்கியிருக்கலாம். நனைந்த தகரம் வழுக்கும். ஒன்பது பேர் வரும்போது எதற்கு விழுந்து காலை உடைத்துக்கொள்வது? காத்திருந்தாள். (அவளைக் கர்ப்பிணியாக்கலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். என்னைப் போன்றவர்களை அடிக்க வேண்டும்.)

அந்த ஒன்பது போன்களும் பட்டறை வாசலில் ஒரே பிளாஸ்டிக் டப்பாவில் கிடந்தன. போனைப் பார்த்துக்கொண்டே தைத்தால் விரலில் ஊசி ஏறிவிடும் என்று, வேலை நேரத்தில் எல்லாருடைய போனையும் முதலாளி வாங்கி வைத்துவிடுவார். நல்ல எண்ணம்தான். மிஷின் சத்தத்தில் டப்பா சிணுங்கியது யாருக்கும் கேட்கவில்லை.

சபுராவைத் தீ தொடவில்லை. புகையே போதுமானதாக இருந்தது.

4

ஷைனி என்ற பாத்திரத்தை எப்படி எழுதுவது என்று இன்னும் பிடிபடவில்லை. செம்பூர் ஆபீஸில் உட்கார்ந்து அந்தச் செயலிக்குத் தமிழ் வாசகங்கள் எழுதுகிறவள்; ‘9 பேரிடம் சேர்ந்தது’ அவள் எழுதியதுதான். ‘ஷைனி அலட்சியமானவள்’ என்று ஒரு வரி எழுதி அடித்தேன். அவள் ஒழுங்காகத்தான் சோதித்துப் பார்த்தாள். ஆனால் ஆபீஸில் ஒவ்வொரு போனுக்குப் பின்னாலும் அதையே பார்த்துக்கொண்டிருக்கும் ஓர் ஆள் இருந்தார். இத்தனைக்கும் அவள் தாராவியில் பிறந்தவள். அவள் அப்பாவின் போனும் அப்படி ஒரு டப்பாவில் கிடந்ததுதான். ஆபீஸில் அது ஞாபகத்துக்கு வரவில்லை.

சபுரா இறந்த பிறகு வாசகத்தை மாற்றினாள்: ‘உங்கள் செய்தி 9 போன்களில் இருக்கிறது. இன்னும் யாரும் திறக்கவில்லை. ஆபத்து என்றால் காத்திருக்காதீர்கள்.’

தெளிவாக இருக்கிறது. கதையை இங்கே முடித்திருப்பேன். வாஹித் விடவில்லை.

5

சபுராவின் போனை எடுத்துக்கொண்டு செம்பூருக்கே வந்துவிட்டான். அவள் எதையெல்லாம் திறந்து பார்த்தாள் என்பது அதில் பதிவாகியிருக்கும். ஷைனிக்கு அதை எடுக்கத் தெரியும்.

“தங்கச்சி, ஒண்ணே ஒண்ணுதான் கேக்கேன். அந்தப் பேரையெல்லாம் அவ தொறந்து பாத்தாளா?”

“அது எதுக்குண்ணே இப்ப?”

“எம் பேரு மொதல்ல இருக்குல்லா. நான் வந்துருவேன்னு உக்காந்திருந்தாளா? இல்ல, யாருமே வரமாட்டாங்கன்னு நெனச்சாளா? சொல்லிரு. நான் உன்ன ஒண்ணும் சொல்லமாட்டேன்.”

ஷைனி பதிவை எடுத்துப் பார்த்தாள். சபுரா அந்தப் பட்டியலைத் திரும்பத் திரும்பத் திறந்திருக்கிறாள்.

முடிவு ஒன்று: “பாக்கலண்ணே.” அப்படியென்றால் யாரும் வரப்போவதில்லை என்று நினைத்தே அவன் மனைவி செத்தாள். அது பொய், அதிலும் ஆறுதல் இல்லாத பொய்.

முடிவு இரண்டு: “பாத்தாங்கண்ணே. கடைசி வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தாங்க.” உண்மை. இதைக் கேட்டுவிட்டு அவன் எந்த வீட்டுக்குத் திரும்பிப் போவான்?

முடிவு மூன்று: “அண்ணே, அவங்க நிம்மதியா...”

அதை எழுத என் கை போகவில்லை.

வாஹித் எதிரில் உட்கார்ந்திருக்கிறான். ஷைனி திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் தெளிவாக எழுதவில்லை என்று கோபப்பட்டு இந்தக் கதையை எழுதியவன் நான்தான், எனக்கே வாக்கியம் வரவில்லை. நீங்கள் சொல்லுங்கள். ஆனால் அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.